கடலுக்குப் பட்டா கிடையாது: காற்றாலைக்கு இடம் குறிக்கும்போது யாரைக் கேட்பார்கள்?

அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டம் பகுதியில், மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி இருப்பதாகக் கண்டறிந்து, 1990களில் அங்கே சுரங்கமும் அனல்மின் நிலையமும் அமைக்கத் திட்டமிட்டது அரசு. பத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் 8,000 ஏக்கருக்கு மேல் நிலம் கையகப்படுத்தப்பட்டது. இழப்பீடு போதவில்லை என்று விவசாயிகள் தொடுத்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. சுரங்கமும் வரவில்லை, மின்சாரமும் வரவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, நிலத்தை உரியவர்களிடமே திருப்பித் தருவது என்று மாநில அரசு முடிவெடுத்தது.

பக்கத்து மாவட்டமான பெரம்பலூரில் திருமாந்துறை பகுதியிலும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. சிறப்புப் பொருளாதார மண்டலம் வரும், வேலை வரும் என்று சொல்லி ஏறத்தாழ 3,000 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. சொன்ன அளவுக்குத் தொழிற்சாலைகள் வராமல் நிலம் பல ஆண்டுகள் சும்மாவே கிடந்தது.

இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் கடற்கரை கிடையாது. ஆனால் தென்கடலில் இப்போது போடப்படும் ஒரு திட்டத்தைப் புரிந்துகொள்ள இந்த அனுபவம் உதவும். கன்னியாகுமரிக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடா பகுதியில், கடலுக்குள் காற்றாலைகள் நிறுவ மத்திய அரசு இடம் பார்த்துவருகிறது. நிலத்தில் பட்டா வைத்திருந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், பட்டாவே இல்லாத கடலில் தொழில் செய்பவர்களுக்கு என்ன ஆகும்? கடல் காற்றாலைக்கு இடம் எப்படித் தேர்வாகிறது? எந்தக் கட்டத்தில் யாரைக் கேட்கிறார்கள்?

திட்டம் என்ன?

கடல் காற்றாலைக்கான தேசியக் கொள்கையை 2015 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்டது. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம்தான் இதற்கான மைய அமைப்பு. நாட்டின் நீண்ட கடற்கரையில் இப்போதைக்குத் தேர்வாகியிருப்பவை இரண்டே மாநிலங்கள்: குஜராத், தமிழ்நாடு. இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 70 ஆயிரம் மெகாவாட் வாய்ப்பு இருப்பதாக அரசு மதிப்பிட்டுள்ளது. அதில் பாதி தமிழ்நாட்டுக் கடலில் இருக்கிறது.

2024 ஜூன் 19 அன்று மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குஜராத்தில் 500 மெகாவாட், தமிழ்நாட்டில் 500 மெகாவாட் என 1,000 மெகாவாட்டுக்கு 6,853 கோடி ரூபாய் மானியம். மீதி 600 கோடி இரண்டு துறைமுகங்களை மேம்படுத்துவதற்கு. அதாவது ஒரு மெகாவாட்டுக்கு மட்டும் ஏறத்தாழ 6.85 கோடி ரூபாய் மக்கள் வரிப்பணத்திலிருந்து போகிறது. இந்த 1,000 மெகாவாட்டிலிருந்து ஆண்டுக்கு சுமார் 372 கோடி யூனிட் மின்சாரம் கிடைக்கும் என்பது அரசின் கணக்கு.

இவ்வளவு மானியம் எதற்கு? கடலில் அஸ்திவாரம் போடுவது, கடலடியில் கேபிள் பதிப்பது, கப்பல் வைத்துப் பராமரிப்பது எல்லாமே நிலத்தைவிடப் பல மடங்கு செலவு பிடிக்கும். மானியம் இல்லாவிட்டால் அந்த மின்சாரத்தை வாங்க ஆள் வராது.

ஏன் அந்தக் கடல்?

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது பழமொழி. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, ஆரல்வாய்மொழி கணவாய் போன்ற இடைவெளிகளில் புகுந்து வேகமெடுத்துக் கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் காடுபோலக் காற்றாலைகள் நிற்பதற்கு அதுதான் காரணம். அதே காற்று மலைமுனையைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள்ளும் போகிறது. அங்கே அதைத் தடுக்க மரமோ கட்டடமோ மேடோ இல்லை.

குமரிமுனைக்கு அப்பாலுள்ள கடலில் சில இடங்களில் ஆண்டுச் சராசரிக் காற்று வேகம் நொடிக்கு 10 மீட்டரை ஒட்டி இருக்கிறது. இதில் ஒரு கணக்கு முக்கியம். காற்றின் வேகம் கொஞ்சம் கூடினாலும் அதிலிருக்கும் ஆற்றல் அதைவிட மிக அதிகமாகக் கூடும். நொடிக்கு 8 மீட்டர் வீசும் இடத்தைவிட 10 மீட்டர் வீசும் இடத்தில் ஆற்றல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. குஜராத் கடலைவிடத் தமிழ்நாட்டுக் கடலை நிபுணர்கள் உயர்வாக மதிப்பிடுவது இதனால்தான்.

தமிழ்நாட்டுக்குக் காற்றாலை புதிதல்ல. 1986லேயே தூத்துக்குடியில் காற்றாலை வந்துவிட்டது. இன்று நிலத்தில் மட்டும் 11 ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் நிறுவப்பட்டிருக்கிறது. நல்ல காற்று வீசும் இடங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே நிரம்பிவிட்டன. நிலக்கரியைக் குறைத்தாக வேண்டிய கட்டாயமும் இருக்கிறது. ஆக, கடலை நோக்கிப் போவதற்கான காரணங்கள் பொய்யில்லை.

சரி, காற்று இருக்கு. அது மட்டும் போதுமா?

போதாது. கடல் காற்றாலைக்கு இடம் தேர்வது என்பது ஒரே ஒரு வரைபடத்தைப் பார்த்துச் செய்யும் வேலையில்லை. பல வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எங்கே இடிக்கவில்லை என்று பார்க்கும் வேலை.

முதல் வரைபடம் காற்று. இரண்டாவது ஆழம். கடலடியில் நேரடியாகக் கால் ஊன்றி நிற்கும் காற்றாலைகளுக்கு ஏறத்தாழ 50, 60 மீட்டர் ஆழம் வரைதான் சரிப்படும். அதற்கு மேல் போனால் மிதக்கும் காற்றாலை வேண்டும். அதன் செலவு இன்னும் அதிகம்.

மூன்றாவது கடலடி மண். அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் வெட்டுமுகத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியே கடலடியாக இருந்தது. களிமண், சுண்ணாம்புப் பாறை, சிப்பிகள் என்று அடுக்கடுக்காகத் தெரிவது அந்தப் பழைய கடலின் தரைதான். இன்றைய கடலின் தரையும் அப்படித்தான், ஒரே சீராக இருக்காது. ஓரிடத்தில் மணல், கொஞ்சம் தள்ளிப் பாறை, இன்னொரு இடத்தில் பவளத்திட்டு. எஃகுத் தூணை எவ்வளவு ஆழம் அடிக்க வேண்டும் என்பது துளையிட்டுப் பார்க்காமல் தெரியாது.

நான்காவது துறைமுகம். கடலுக்கான நவீனக் காற்றாலை ஒவ்வொன்றும் 12 முதல் 15 மெகாவாட் திறன் கொண்டது. இறக்கை நுனி உயரும்போது 250 மீட்டரைத் தொடும். அதன் பாகங்களை லாரியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோக முடியாது. இறக்கி வைத்துப் பூட்ட வலுவான துறைமேடை வேண்டும். தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம் இந்தக் கணக்கில் முன்னால் நிற்பது அதனால்தான்.

ஐந்தாவது, கடலில் ஏற்கெனவே இருக்கும் வேலிகள். கப்பல் போக்குவரத்துப் பாதை, கடற்படைப் பயிற்சிப் பகுதி, கடலடித் தொலைத்தொடர்பு கேபிள், கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய பாதுகாப்புப் பகுதி எல்லாம் இதில் வரும். புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து ராக்கெட் தெற்கு நோக்கிக் கடலுக்கு மேலாகப் பறக்கும். அந்தப் பாதையில் 250 மீட்டர் உயரக் கோபுரங்கள் நிற்கலாமா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆறாவது உயிரினங்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986லிருந்து இருக்கிறது. 1989ல் அறிவிக்கப்பட்ட உயிர்க்கோளக் காப்பகத்தின் பரப்பு 10,500 சதுர கிலோமீட்டர். பவளப்பாறை, கடற்புல், ஆவுளியா, கடலாமை, வலசைப் பறவைகள் எல்லாம் இதில் அடக்கம். தூண் அடிக்கும்போது எழும் ஓசை தண்ணீருக்குள் வெகுதூரம் பரவும் என்பதால், பூங்கா எல்லைக்கு வெளியே அடித்தாலும் பாதிப்பு உள்ளே வரக்கூடும்.

ஏழாவது வரைபடம் மீன்பிடித் தொழில். அங்கேதான் சிக்கல்.

அந்த ஏழாவது வரைபடம் யாரிடம் இருக்கிறது?

காற்றை அளக்கக் கருவி இருக்கிறது. ஆழத்துக்குக் கடற்படையின் அட்டவணை இருக்கிறது. மண்ணுக்குத் துளையிடும் கப்பல் இருக்கிறது. ஆனால் எந்தப் பாரில் எந்த மாதம் என்ன மீன் படும், நீரோட்டம் எப்போது எந்தப் பக்கம் இழுக்கும், வலை எங்கே கிழியும் என்ற விவரம் மீனவர்களின் தலைக்குள் இருக்கிறது. கரையிலுள்ள மலையையும் கோயில் கோபுரத்தையும் தேவாலயத்தையும் குறிவைத்துக் கடலுக்கடியிலுள்ள பாரைக் கண்டுபிடிக்கும் பழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. இன்று ஜிபிஎஸ் கருவியிலும் அந்தப் புள்ளிகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அது எந்த அரசு அலுவலகக் கோப்பிலும் முழுமையாகப் பதிவாகவில்லை.

பதிவாகாத இடம் வரைபடத்தில் வெறும் நீல நிறமாகத் தெரியும். திட்டமிடுபவரின் கண்ணுக்கு அது காலி இடம். மீனவருக்கு அது வயல்.

எவ்வளவு இடம் போகும்? 500 மெகாவாட்டுக்கு 15 மெகாவாட் காற்றாலைகளாக வைத்தால் 34 வேண்டும். ஒன்றின் நிழல் காற்று இன்னொன்றைப் பாதிக்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி விடுவார்கள். சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 5 மெகாவாட் என்ற பொதுவான கணக்கை வைத்தால் மொத்தப் பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர் வரும்.

ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, இத்தகைய கட்டுமானங்களைச் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் வைக்க அனுமதிக்கிறது. 34 காற்றாலைகளுக்கும் அந்த வளையத்தைப் போட்டால் ஏறத்தாழ 27 சதுர கிலோமீட்டர்தான் ஆகிறது. 'மீதி இடத்தில் மீன் பிடிக்கலாமே' என்று தோன்றும். சிறிய வள்ளத்துக்கும் தூண்டிலுக்கும் அது ஓரளவு பொருந்தலாம். அடிமட்டத்தில் மடியை இழுத்துச் செல்லும் விசைப்படகுக்குப் பொருந்தாது. காற்றாலைகளுக்கு இடையே கடலடியில் கேபிள்கள் ஓடும். வலை சிக்கினால் வலையும் போச்சு, கேபிளும் போச்சு. காற்று பலமாக வீசும் மாதங்களில் எஞ்சின் நின்றுபோன படகு தூணில் மோதும் ஆபத்தும் உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இழுவைப் படகுகள் வராத இடத்தில் மீன்வளம் பெருகும் என்றும், தூண்களின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டிச் செயற்கைப் பார் உருவாகும் என்றும் ஐரோப்பிய அனுபவத்தை வைத்துச் சொல்கிறார்கள். வட கடலின் குளிர்நீரில் நடந்தது மன்னார் வளைகுடாவின் வெப்பநீரிலும் அப்படியே நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதை இங்கேயே ஆய்வு செய்துதான் அறிய வேண்டும்.

விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் இடையே ஏற்கெனவே தகராறு உள்ள கடல் இது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரை நாட்டுப்படகுகளுக்கு என்பது 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படியான ஏற்பாடு. காற்றாலைகளால் வெளியே தள்ளப்படும் விசைப்படகு எங்கே போகும்? கரையை நோக்கி வந்தால் நாட்டுப்படகுக்காரரின் வலைக்கு ஆபத்து. ஓரிடத்தில் போடும் வேலி இன்னோரிடத்தில் சண்டையாக வெடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை இருப்பது நாட்டின் ஆட்சிக்குட்பட்ட கடல். 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம். கடலடியைக் குத்தகைக்கு விடும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. அதற்கான குத்தகை விதிகள் 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆய்வு செய்யக் குறுகிய காலக் குத்தகை, காற்றாலை கட்டி இயக்க நீண்ட காலக் குத்தகை என்று இரண்டு நிலைகள். குத்தகைப் பணம் மத்திய அரசுக்குப் போகும்.

இதில் மீனவர் எங்கே வருகிறார்? நிலம் என்றால் பட்டாதாரருக்கு நோட்டீஸ் போக வேண்டும். ஆட்சேபம் சொல்ல நாள் கொடுக்க வேண்டும். இழப்பீடு குறைந்தால் நீதிமன்றம் போகலாம். ஜெயங்கொண்டம் விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடியதும் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான். கடலில் தலைமுறையாக வலை போடுபவரிடம் அப்படி ஒரு காகிதம் இல்லை. அவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

சுற்றுச்சூழல் விதிகளிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கமோ சிமெண்ட் ஆலையோ வருவதென்றால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். பந்தல் போட்டு, மாவட்ட ஆட்சியர் முன்னிலையில், வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் மைக் பிடிப்பார்கள். அது பல நேரம் வெறும் சடங்காக முடிந்தாலும், பேசியது பதிவாகும். ஆனால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை மின்திட்டங்கள் இடம்பெறவில்லை. புகையில்லாத தொழில் என்பதால் அப்போது விடப்பட்ட விலக்கு அது.

கடல் காற்றாலைக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு செய்ய வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுக் கொள்கை சொல்கிறது. பாதுகாப்பு, உள்துறை, விண்வெளி, கப்பல் போக்குவரத்து எனப் பல துறைகளின் அனுமதியும் வேண்டும். ஆனால் நிபுணர்கள் செய்யும் ஆய்வு வேறு, பாதிக்கப்படுபவர்களைக் கூட்டி வைத்துக் கேட்பது வேறு. இத்தனை துறைகளையும் கேட்கும் நடைமுறையில், உவரியிலும் மணப்பாட்டிலும் படகு வைத்திருப்பவரைக் கேட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் இடம் பலவீனமாக இருக்கிறது.

இதுவரை என்ன ஆச்சு?

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக் கடலில் 4,000 மெகாவாட்டுக்கான இடங்களைக் குத்தகைக்கு விட இந்திய சூரிய ஆற்றல் கழகம் டெண்டர் கோரியது. இடத்தை எடுக்கும் நிறுவனமே ஆய்வு செய்து, கட்டி, மின்சாரத்தை விற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அதே ஆண்டு செப்டம்பரில், மானியத்துடன் கூடிய 500 மெகாவாட் டெண்டர் குஜராத்துக்கு வந்தது. கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டும் நிறுவனங்கள் ஆர்வம் காட்டவில்லை. 2025ல் இந்த டெண்டர்கள் ரத்து செய்யப்பட்டன.

முக்கியக் காரணம் செலவு. அதோடு, கடலுக்குள் அளந்தெடுத்த விவரங்களின் பற்றாக்குறையும் ஒரு காரணம். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் 2017லிருந்து கடலுக்குள்ளேயே கருவி வைத்துக் காற்றை அளந்தார்கள். மானியத் திட்டத்தின் முதல் டெண்டர் அங்கே போனதற்கு அதுவும் ஒரு காரணம். தனுஷ்கோடியில் 100 மீட்டர் உயரக் கம்பம் நிறுவிக் காற்றை அளந்திருந்தாலும், அது கரையில் எடுத்த அளவு. கடலடி எப்படி இருக்கிறது என்று தெரியாமல் ஆயிரக்கணக்கான கோடியைக் கொட்ட எந்த வங்கியும் முன்வராது.

டெண்டர் ரத்தானதைத் தோல்வியாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. குத்தகை கையெழுத்தாகிவிட்டால் அதன்பிறகு எல்லையை மாற்றுவது கடினம். இப்போது எந்த நிறுவனமும் கையெழுத்துப் போடவில்லை. கோட்டை அழித்துத் திருத்தி வரைய இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பெரம்பலூர், அரியலூருக்கு இதில் என்ன?

கடலில் பிறக்கும் மின்சாரம் கடலிலேயே நிற்காது. நெல்லை மாவட்டக் கரையில் ஏறி, உயரழுத்தக் கம்பிகள் வழியாக வடக்கே வந்தாக வேண்டும். விருதுநகர், கோவை, அரியலூர், வடசென்னை, திருவலம் என்று 765 கிலோவோல்ட் வலையமைப்பைத் தமிழ்நாடு உருவாக்கிவருகிறது. அதில் அரியலூர் ஒரு முக்கியக் கண்ணி. சிமெண்ட் ஆலைகள் நிறைந்த இந்தப் பகுதி மின்சாரத்தைப் பெருமளவில் பயன்படுத்தும் இடமும்கூட. இங்கே ஆலை நடத்தும் ராம்கோ சிமெண்ட்ஸ் நிறுவனத்துக்குத் தென்மாவட்டங்களில் சொந்தக் காற்றாலைகளே இருக்கின்றன.

ஆகவே கடலில் திட்டம் பெருகினால் சோளமும் பருத்தியும் விளையும் வயல்களின் மேல் கம்பிகளும் பெருகும். கோபுரம் நட நிலத்தைக் கையகப்படுத்த மாட்டார்கள். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை வைத்தே கோபுரம் நடுவது நடைமுறை. நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும், ஆனால் அதன் மதிப்பு விழுந்துவிடும். பல ஆண்டுப் போராட்டங்களுக்குப் பிறகு, 2024 ஜூனில் மத்திய மின்துறை புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. கோபுரத்தின் அடியிலுள்ள நிலத்துக்கு நில மதிப்பைப்போல் இரண்டு மடங்கு, கிராமப்புறத்தில் கம்பி செல்லும் பாதைக்கு நில மதிப்பில் 30 சதவீதம். மாநிலங்கள் இதை ஏற்று ஒழுங்காக நடைமுறைப்படுத்த வேண்டும் என்றாலும், ஒரு கணக்கு எழுத்தில் வந்துவிட்டது.

ஒரே திட்டம், ஒரே மின்சாரம். கம்பியின் ஒரு முனையில் வயலில் கோபுரம் நிற்பவருக்கு எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மறுமுனையில், மீன்பிடி இடத்தில் காற்றாலை நிற்கும்போது அதை இழப்பவருக்கு எவ்வளவு என்று எங்கும் எழுதவில்லை.

மற்ற நாடுகளில் எப்படி?

உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையை டென்மார்க் 1991ல் விண்டெபி என்ற இடத்தில் அமைத்தது. 11 காற்றாலைகள், மொத்தம் சுமார் 5 மெகாவாட். 2017ல் அதைக் கழற்றியும் எடுத்துவிட்டார்கள். அந்நாட்டின் மீன்வளச் சட்டப்படி, பாதிக்கப்படும் மீனவர்களுடன் காற்றாலை நிறுவனம் பேசி இழப்பீட்டை முடிவு செய்ய வேண்டும். இந்தியாவுக்குக் கடல் காற்றாலையில் தொழில்நுட்ப ஆலோசனை தருவதும் டென்மார்க்தான். ஆலோசனையோடு அந்தச் சட்டத்தையும் சேர்த்து இறக்குமதி செய்திருக்கலாம்.

நெதர்லாந்தில் காற்று, மண், கடலடி ஆய்வுகளை அரசே முடித்து, விவரத்தைப் பொதுவில் வைத்த பிறகுதான் ஏலம். பிரிட்டனில் காற்றாலைகளுக்கிடையே மீன் பிடிக்கப் பொதுவாகத் தடையில்லை. பெல்ஜியத்தில் உள்ளே போகவே கூடாது. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி முடிவெடுத்திருக்கிறது. ஆனால் விதி என்ன என்பது ஏலத்துக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இவ்வளவு தூரம் போக வேண்டாம். மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையைப் பார்த்தாலே போதும். இலங்கையின் மன்னார் தீவில் 103.5 மெகாவாட் 'தம்பபவனி' காற்றாலைப் பண்ணை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அது நிலத்தில் அமைந்த பண்ணை. அதன்பிறகு வெள்ளநீர் வடிவதில் சிக்கல், வலசைப் பறவைகளின் பாதை, மீன்பிடிப் பாதிப்பு எனக் குறைகள் கிளம்பின. 2025ல் புதிய காற்றாலைகளை எதிர்த்து மன்னார் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். காற்றாலையே கூடாது என்பதைவிட, எங்கள் தீவில் எங்கே வைப்பது என்று எங்களைக் கேட்கவில்லையே என்பதுதான் அந்தக் கோபத்தின் வேர்.

என்ன செய்யலாம்?

கடலுக்குப் பட்டா கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. கடல் எல்லோருக்கும் பொது. ஆனால் வருவாய்த் துறையில் பட்டா மட்டுமா இருக்கிறது? அடங்கல் என்று ஒன்றும் இருக்கிறது. நிலம் யாருடையது என்பதைப் பட்டா சொல்லும். அந்த நிலத்தில் இந்தப் பருவத்தில் யார், என்ன பயிர் வைத்திருக்கிறார் என்பதை அடங்கல் சொல்லும். கிராம நிர்வாக அலுவலர் வயலைப் பார்த்து எழுதும் கணக்கு அது. வெள்ளமோ வறட்சியோ வந்தால் நிவாரணத்துக்கு அடிப்படை அந்தக் கணக்குதான்.

அப்படிக் கடலுக்கும் ஓர் அடங்கல் எழுதலாம். எந்த ஊர்ப் படகுகள், எந்த மாதத்தில், எந்தப் பகுதியில், எந்த வகை வலையோடு தொழில் செய்கின்றன என்ற பதிவு. படகுகளுக்குப் பதிவெண் இருக்கிறது. மீன் இறங்குதளங்கள் இருக்கின்றன. ஊர்தோறும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. மீன்வளத் துறையும் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்தால் ஓரிரு ஆண்டுகளில் முடிக்கக்கூடிய வேலை. நல்ல பாரைக் காட்டிக்கொடுத்தால் ஊரார் எல்லோரும் வந்துவிடுவார்களே என்ற தயக்கம் மீனவர்களுக்கு இருக்கும். அதனால் நுணுக்கமான விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும்.

அந்தப் பதிவு கையில் இருந்தால் மூன்று காரியங்கள் நடக்கும். முதலாவது, காற்று நன்றாக வீசும் இரண்டு இடங்களில் மீன்பிடி குறைவான இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். இரண்டாவது, இடம் போனால் யாருக்கு, எவ்வளவு, எத்தனை ஆண்டு இழப்பீடு என்று கணக்குப் போட முடியும். மூன்றாவது, கட்டி முடித்த பிறகு மீன்வளம் கூடியதா குறைந்ததா என்று ஒப்பிட முடியும். முன்பிருந்த நிலையின் பதிவு இல்லாவிட்டால், 'முன்பும் மீன் இல்லை' என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

கருத்துக் கேட்பும் அதோடு வர வேண்டும். நிறுவனம் தேர்வான பிறகு பந்தல் போடுவதில் பயனில்லை. வரைபடம் பென்சில் கோடாக இருக்கும்போதே இடிந்தகரையிலும் தூத்துக்குடியிலும் குமரியிலும் அதை விரித்து வைத்துக் கேட்க வேண்டும். கேட்டால் திட்டம் தாமதமாகும் என்பார்கள். கேட்காமல் போன ஜெயங்கொண்டத்தில் 25 ஆண்டு தாமதமாகி, கடைசியில் ஒரு யூனிட் மின்சாரம்கூட வரவில்லை.

நிலத்தில் செய்த தவறு ஒரு வகையில் திருத்தக்கூடியதாக இருந்தது. ஜெயங்கொண்டத்தில் நிலம் அங்கேயேதான் இருந்தது; பெயரை மாற்றித் திருப்பித் தர முடிந்தது. கடலில் தூண் அடித்து, கேபிள் பதித்து, மீன் வேறு பக்கம் போய்விட்டால், எதைத் திருப்பித் தருவது, யாரிடம் தருவது என்றே தெரியாது. ஏனென்றால், அங்கே யார் இருந்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அடுத்த டெண்டர் வருவதற்குள் அதை எழுதிவிட முடியும்.